தொடாதே அண்ணன் தொட்ட சாவி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையிலும், மனைவி உச்சக் கோபத்தில் இருக்கும்போதும் மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவர் 'தொடாதே அண்ணன்'. காரணம், மழைக்காலத்தில் போனை எடுத்தால் அவர் ஹலோ சொல்வது கிடையாது. எடுத்த எடுப்பில், "சாவியைத் தொடாதே!" அதற்கப்புறம்தான் யார், என்ன, வண்டி எங்கே நிற்கிறது என்ற விசாரணை. காப்பீடு விற்கக் கூப்பிட்ட ஒரு பெண் இந்த அதட்டலைக் கேட்டு, கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைக் கீழே போட்டுவிட்டதாகக் கேள்வி.

அவருடைய ஒர்க்‌ஷாப்பில் மூன்று கார்கள் நிற்கலாம். ஐந்து நிற்கும். முதலில் வந்த வண்டி சுவரோரம் மாட்டிக்கொள்வதால் கடைசியில்தான் வெளியே போக முடியும். ஆகவே அங்கே முதலில் வருகிறவர்கள் பொறுமைசாலிகள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் ஆகிவிடுவார்கள்.

தண்ணீர் குடித்த எஞ்சின்தான் அவருடைய தனிச் சிறப்பு. பதற்றத்தோடு ஓடி வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே விளக்கம் வைத்திருந்தார். "எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல வந்து காத்தை அமுக்கும். காத்து பஸ்ல நிக்கிற ஆளு மாதிரி, நெருக்கினா ஒதுங்கிக்கும். தண்ணி சொந்தக்காரங்க மாதிரி, ஒரு அங்குலம் விட்டுக் குடுக்காது. உள்ள தண்ணி இருக்கும்போது சாவியைத் திருப்பினா பிஸ்டனுக்கு மேல போக வழியில்ல. தாங்கிப் பிடிக்கிற ராடுதான் வளையும். வளைஞ்சா எஞ்சின் போச்சு. அதனால தொடாதே."

சொந்தக்காரர்கள் என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். மாமியார் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

விளக்கம் முடிந்ததும் ஒரு கேள்வி வரும். "எத்தனை தடவை திருப்புனீங்க?" படித்தவர், படிக்காதவர், பஸ் ஓட்டுகிறவர், வங்கி மேலாளர், யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: "ஒரே ஒரு தடவைதாண்ணே." தொடாதே அண்ணன் தலையாட்டிக்கொண்டே தன் நோட்டில் 'மூன்று' என்று எழுதுவார். இருபத்தாறு வருட அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த சூத்திரம் அது. ஒன்று என்றால் மூன்று. இரண்டு என்றால் ஐந்து. தொடவே இல்லை என்று சொன்னால், உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார்.

இப்போது மாமியாருக்கு வருவோம். வராவிட்டால் அவரே வந்துவிடுவார். முப்பத்து நாலு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். அந்த வார்டில் நோயாளிகள் சீக்கிரம் குணமானதற்கு மருந்து பாதி, அவர் பார்வை பாதி. ஓய்வு பெற்ற கையோடு சிறிய கார் ஒன்றை வாங்கி, "நானே ஓட்டப் போறேன்" என்று அறிவித்தார். மகளும் மருமகனும் சிரித்தார்கள். சிரித்தது தப்பு என்று அந்த வாரமே தெரிந்துகொண்டார்கள்.

நாலு தடவை ஓட்டுநர் தேர்வுக்குப் போய் நாலு தடவையும் திரும்பி வந்திருந்தார். முதல் தடவை, 'நில்' பலகைக்கு முன்னால் நிறுத்தியவர், யாராவது 'போ' என்று சொல்லட்டும் என்று ஒன்பது நிமிடம் நின்றார். மூன்றாவது தடவை, பின்னால் எடுக்கச் சொன்னபோது, "பின்னாடி ஒருத்தர் நிக்கிறார்" என்று மறுத்துவிட்டார். நின்றவர் தேர்வு நடத்துகிற இன்ஸ்பெக்டர். அவர் விலகுவார் என்று இவரும், இவர் எடுப்பார் என்று அவரும் காத்திருந்து பொழுது போய்விட்டது. ஐந்தாவது தேர்வு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு. பழகுநர் உரிமமும் அன்றைக்கே காலாவதி. தவறினால் மறுபடி முதலிலிருந்து: கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, படிவம், வரிசை. "இது கடைசி. இதுல ஆகலைன்னா நான் பின்சீட்டுல உக்கார்ந்து சாகிறேன்" என்று சொல்லிவிட்டார். அப்படி உட்கார்ந்தால் முன்சீட்டில் ஓட்டப்போவது யார் என்பதை மருமகன் நினைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பயிற்சி.

புதன்கிழமையும் பயிற்சிதான். மத்தியானம் முழுக்க மழை கொட்டி ஓய்ந்திருந்தது. மாமியார் ஓட்ட, பக்கத்தில் தொடாதே அண்ணன், காதில் போன். எங்கோ ஒருவர் கார் தண்ணீரில் நின்றுவிட்டது. "சாவியைத் தொடாதே! பேட்டரி ஒயரைக் கழட்டு. அப்புறம் என்ன செய்யணும்னா..."

முன்னால் ஒரு பஸ். ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கி நின்ற தண்ணீருக்குள் அது யானை மாதிரி இறங்கி ஏறிப் போய்விட்டது. பஸ் மூச்சு விடுகிற இடம் உயரத்தில். இந்தச் சின்னக் காருக்கு மூக்கு முழங்கால் உயரம். அது மாமியாருக்கு எப்படித் தெரியும்? பின்னாலேயே இறங்கினார். பாதி வழியில் எஞ்சின் இரண்டு முறை விக்கியது, நின்றது. காலுக்கடியில் தண்ணீர் குளுகுளுவென்று வந்தது.

"என்ன அத்தை இது! தண்ணிக்குள்ள விட்டுட்டீங்களே!"

"முன்னாடி போற பஸ் எப்படிப் போகுதோ அப்படியே போங்கன்னு திங்கக்கிழமை நீங்கதானே சொன்னீங்க? நான் எழுதி வெச்சிருக்கேன்."

அப்போதுதான் அது நடந்தது. ஒரு கையில் போன்; போனுக்குள் அந்த மனிதர் "அண்ணே, அப்புறம் என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு கை, யாரையும் கேட்காமல், மாமியாரைத் தாண்டி ஸ்டியரிங் பக்கம் நீண்டது. சாவியைத் திருப்பியது.

டக்.

கல் சுவரில் இரும்பு மோதுகிற மாதிரி ஒரே ஒரு சத்தம்தான் அவர் காதில் விழுந்தது. தொடாதே அண்ணன் தன் கையைப் பார்த்தார். அது யாரோ தெரியாத ஆளுடைய கை மாதிரி இருந்தது.

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை, இப்ப நீங்க எதையோ தொட்டீங்க."

"அத்தை, இதை வெளியில..."

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வண்டி தேர்வு மைதானத்துல நிக்கணும். நின்னா நான் எதையும் பாக்கலை."

வேறு வண்டி பிடித்துத் தருவதாக அவர் கெஞ்சினார். "பழகாத பேஷண்ட்டுக்கு நான் ஊசி போட்டதே கிடையாது" என்று பதில் வந்தது. ஆக வெள்ளிக்கிழமைக்குள் எஞ்சின் பிழைக்காவிட்டால் மாமியாரின் உரிமமும் போகும், மருமகனின் பெயரும் போகும். தொடாதே அண்ணனே தொட்டாராம் என்று ஒரு செய்தி கிளம்பினால், அவர் போனில் எதைச் சொல்லி அதட்டுவது?

சாவியை உருவிப் பின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினார். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளும்போது வழுக்கி, தண்ணீருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாவியும் குடித்திருந்தது. பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கிற வகைச் சாவி. மூடி வைத்தால் எப்படிக் காயும் என்று அதன் பிளாஸ்டிக் மேலோட்டை இரண்டாகப் பிளந்து, சமையலறை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். ஈரத்தை அரிசி உறிஞ்சிக்கொள்ளும். மாற்றுச் சாவி என்று ஒன்று இருந்தது; அது மச்சானின் பெட்டியோடு வெளியூர் போய் மூன்று மாதம்.

வியாழக்கிழமை காலை, கயிறு கட்டி இழுத்து வந்த வண்டிக்கு முன்னால் மாமியார் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு நோட்டு, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல்.

"இது எதுக்கு அத்தை?"

"அளக்காம எதையும் நம்பக் கூடாது. ஆரம்பிங்க."

பேட்டரி ஒயரைக் கழற்றினார். காற்று வடிகட்டியைத் திறந்தால், உள்ளே ஊறிப்போன அட்டையும் ஒரு வேப்பிலைக் கொத்தும். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது.

"இது என்ன?"

"ஆயில்ல தண்ணி கலந்திருக்கு."

மாமியார் எழுதிக்கொண்டார்: 'காலை 9.10. காப்பி நிறம்.'

பிறகு நாலு பிளக்கையும் கழற்றினார். "இப்ப நான் எஞ்சினைக் கையால சுத்துவேன். உள்ள தண்ணி இருந்தா பிளக் ஓட்டை வழியா வெளிய வரும். கொஞ்சம் தள்ளி..."

தள்ளி நிற்கிற பழக்கம் அறுவை சிகிச்சை அறையிலேயே மாமியாருக்குக் கிடையாது. குனிந்தார். தொடாதே அண்ணன் ஸ்பானரைப் போட்டு அழுத்தினார். மூன்றாவது ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து மாமியாரின் கண்ணாடியில் இரண்டு வட்டங்களையும் ஒரே வீச்சில் நிரப்பியது.

ஒர்க்‌ஷாப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமியார் கண்ணாடியைக் கழற்றவில்லை. "மூணாவதுல தேக்கம்," என்றார். "அளவு சுமார் முப்பது மில்லி. இன்னொரு தடவை சுத்துங்க."

அடுத்ததுதான் தொடாதே அண்ணன் பயந்த இடம். ராடு வளைந்திருந்தால் அந்த பிஸ்டன் மற்றவற்றைவிடக் குட்டையாக ஏறும். அதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு சைக்கிள் சக்கரக் கம்பி போதும். பிளக் ஓட்டைக்குள் கம்பியை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை எஞ்சினைச் சுற்றி, கம்பியில் நகத்தால் குறி வைக்க வேண்டும். நாலு குறியும் ஒரே உயரம் என்றால் பிழைத்தது.

முதல் சிலிண்டர், குறி. இரண்டாவது, அதே குறி. நாலாவதும் அதே. மூன்றாவதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார், பள்ளிக்கூடத்தில் தெரியாத கேள்வியைத் தள்ளுகிற மாதிரி. இறக்கினார். சுற்றினார். குறி வைத்தார்.

ஒரு நெல் அளவு கீழே இருந்தது.

அவர் அப்படியே மட்கார்டில் சாய்ந்தார். "போச்சு அத்தை."

"எது போச்சு?"

"ராடு வளைஞ்சிருக்கு. நான்தான்... அந்த ஒரே ஒரு தடவை..."

"மூணு தடவை."

"என்னது?"

"மூணு தடவை திருப்புனீங்க. டக், டக், டக். நான் எண்ணினேன். முப்பத்து நாலு வருஷம் நாடி எண்ணின காது இது."

"ஒரே தடவைதான் அத்தை! சத்தியமா!"

சொன்ன பிறகுதான், இந்த வாக்கியத்தை இதே குரலில் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. இதே இடத்தில், தன் நோட்டுக்கு அந்தப் பக்கம், நூற்றுக்கணக்கான தடவை.

மாமியார் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பியைச் சாய்ச்சுப் பிடிக்கிறீங்க. மூணாவதுல மட்டும். கை நடுங்குது உங்களுக்கு. இங்க குடுங்க." கம்பியை வாங்கினார். நரம்பு தேடுகிற விரல்களால் நேராக இறக்கினார். "சுத்துங்க. மெதுவா. ம்... நிறுத்துங்க." ஸ்கேலை வைத்தார். "மத்த மூணுக்கும் என்ன அளவோ அதே. அரை மில்லிமீட்டர்கூடக் குறையலை."

தொடாதே அண்ணன் தானே ஒரு தடவை அளந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் சுவர் பக்கம் திரும்பி நின்று எதையோ துடைத்தார். ஸ்பானராக இருக்கலாம்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. காப்பியை வடித்துப் புது ஆயில் ஊற்றிச் சுற்றி, அதையும் வடித்து, மறுபடி புது ஆயில். பெட்ரோல் டேங்க்குக்குள் தண்ணீர் இறங்கவில்லை என்று பார்த்தாகிவிட்டது. மின் இணைப்புகளை உலர்த்த, மனைவி முன்னறையில் நடத்துகிற அழகு நிலையத்திலிருந்து முடி உலர்த்தும் கருவி வந்தது. அன்று அங்கே வந்த மூன்று பெண்கள் ஈரத் தலையோடு வாசலில் வெயிலுக்குக் காத்திருந்தார்கள். "ஏங்க, அந்தக் கார் முடி வெட்டிக்கிட்டதும் திருப்பிக் குடுத்துடுங்க" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அரிசி டப்பாவிலிருந்து சாவியை எடுத்து ஊதி, பிளந்த ஓடுகளைச் சேர்த்து 'டப்' என்று அழுத்தினார் தொடாதே அண்ணன். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்திருக்க வேண்டிய வேலை. வயசாகிவிட்டது என்று மாமியார் நினைத்துவிடுவாரே என்று போடாமல் செய்தார். மாமியாருக்கு அறுபத்தொன்று.

பதினொன்றரைக்குக் கடைசி பிளக்கை முறுக்கி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஜோராகச் சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறதா? பம்ப் சத்தமே இல்லை. முடி உலர்த்தும் கருவியை மறுபடி வாங்கி வந்து பம்ப்பின் இணைப்பைக் கழற்றி, உலர்த்தி, மாட்டினார்; வாசலில் மறுபடி மூன்று ஈரத்தலைகள். ஃபியூஸ்கள் எல்லாவற்றையும் பிடுங்கி நட்டார். பன்னிரண்டரை ஆகிவிட்டது. பன்னிரண்டரைக்கு மாமியார் சாப்பிட உட்காருவார். நில நடுக்கம் வந்தாலும் பன்னிரண்டரை பன்னிரண்டரைதான்.

நெற்றியை ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டபோதுதான், முகப்புப் பலகையில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று மின்னுவதைப் பார்த்தார். சாவி வடிவத்தில். 'இந்தச் சாவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை' என்று வண்டி ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. திருட்டுப் பயத்துக்காக இந்த மாதிரிச் சாவிகளுக்குள் ஒரு பொடிச் சில்லு வைத்திருப்பார்கள். அது இருந்தால்தான் பெட்ரோல் போகும். சாவியைப் பிளந்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு. சில்லு இருக்க வேண்டிய குழி காலி. குழியின் அளவு, ஓர் அரிசி.

ஓர் அரிசி.

ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்கும் நடுவே நாற்பது அடி. தொடாதே அண்ணன் அந்தத் தூரத்தைக் கடந்த விதத்தைப் பார்த்து, ஈரத்தலைப் பெண்களில் இருவர் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று எழுந்தார்கள்.

"அரிசியைத் தொடாதே!"

அடுப்படியில் மனைவி திரும்பினார். "எந்த அரிசியை? காலையிலயே எடுத்துக் களைஞ்சு ஆக்கியாச்சே."

"அப்ப சோத்தைத் தொடாதீங்க! யாரும் சோத்தைத் தொடாதீங்க!"

சாப்பாட்டு மேஜையிலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"கல்லு," என்றார் மாமியார்.

மனைவி தலையில் கை வைத்தார். "ஆரம்பிச்சாச்சா? இருபது வருஷமா இதே புகார்தானேம்மா. நான் எத்தனை தடவை புடைச்சாலும் உனக்கு மட்டும் கல்லு கிடைக்கும்!"

"இருபது வருஷமா நீ நம்பலை. இப்ப பாரு." மாமியார் வாயிலிருந்து அதை எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்து, ஸ்கேலின் நுனியால் திருப்பினார். "அடடே. இது கல்லு இல்லடி. கண்ணாடிக் குழாய். உள்ள செம்புக் கம்பி சுத்தியிருக்கு. மாப்பிள்ளை, உங்க வண்டியில ஏதாவது குறையுதா?"

தொடாதே அண்ணன் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெந்த சில்லு வேலை செய்யுமா என்பது அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது; அதை வேகவைத்துப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தில் எவரும் இல்லை. மாமியார் அதைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இடுக்கியால் எடுத்து, குழிக்குள் படுக்க வைத்தார். ஓடு மூடியது. மணி ஒன்று ஐந்து. எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள், ஈரத்தலைகள் உட்பட.

"திருப்புங்க மாப்பிள்ளை."

"நீங்களே திருப்புங்க அத்தை. என் கை ராசி சரியில்ல."

மாமியார் உட்கார்ந்தார், கண்ணாடிகளைச் சரிபார்த்தார், பெல்ட் போட்டார், கியரை ஆட்டிப் பார்த்தார். ஊரே காத்திருந்தாலும் ஒன்றையும் விடமாட்டார். பிறகு திருப்பினார். சிவப்பு விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. எஞ்சின் இருமியது, இன்னொரு தடவை இருமியது, பின்னால் வெள்ளையாக ஆவி ஊதித் தள்ளியது. அப்புறம், தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கிற மனிதரைப் போலச் சீராக ஓடியது.

தேர்வு மைதானத்தில் மழைத் தண்ணீர் ஒரு பட்டையாகப் பாதையின் குறுக்கே நின்றது. மாமியார் அதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தை எடுத்தார். மாமியார் குனிந்து ஸ்டீல் ஸ்கேலைத் தண்ணீரில் இறக்கி, படித்து, துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு வந்து ஏறினார். "மூணு சென்டிமீட்டர். மூக்குக்கு எட்டாது." கடந்தார். வளைந்தார். பின்னால் எடுக்கும்போது இன்ஸ்பெக்டர் தானாகவே வேலியோரம் போய் நின்றுகொண்டார். நாலு தடவையில் அவரும் கற்றுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தான் ஓய்வு பெறுவதற்குள் இந்த அம்மாள் தேறிவிட வேண்டும் என்பது அவர் வீட்டிலும் பேசப்பட்ட விஷயமாம்.

திரும்பி வரும்போது மாமியார்தான் ஓட்டினார். 'எல்' பலகையைப் பிய்த்து மருமகனின் மடியில் போட்டிருந்தார். மறுபடி தூற ஆரம்பித்தது. போன் அடித்தது.

"சாவியைத் தொ..." என்று ஆரம்பித்தவர், பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். "ம். சொல்லுங்க. எங்க நிக்குது?... சரி. எத்தனை தடவை திருப்புனீங்க?"

"ஒரே ஒரு தடவைதாண்ணே," என்றது மறுமுனை. மாமியாருக்குக்கூடக் கேட்டது.

தொடாதே அண்ணன் மடியில் கிடந்த 'எல்' பலகையின் பின்பக்கம் ஓர் எண்ணை எழுதினார். "சரிங்க. அப்ப மூணு," என்றார் மெதுவாக. "பயப்படாதீங்க. மூணு தாங்கும்."